ஹப்பைத் திருப்பியாச்சா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. வண்டி, கியர், கிரீஸ்னு ஆரம்பிச்சா பாதிப் பேர் பக்கத்து வீட்டுக்கு எழுந்து போயிடுவீங்களோன்னு ஒரு பயம்தான். ஆனா இதுல வண்டியை விடப் பெரிய சமாச்சாரம் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. அதனால கொஞ்சம் பொறுமையா உக்காந்து படிங்க மக்களே. டீ வேணும்னா இப்பவே போட்டுக்கிட்டு வந்துடுங்க :-)

மொதல்ல கொசுவத்தியைச் சுத்திடறேன்.

2006 டிசம்பர். கொலராடோ மலைப்பக்கம். நான், என் நண்பன், அவன் மனைவி, அவங்களோட நாலு வயசுப் பொண்ணு. மலை மேல ஒரு மரவீட்டில் ரெண்டு நாள் தங்கலாம்னு திட்டம். வண்டி என்னுடையது. தொண்ணூறுகளில் வந்த ஃபோர் வீல் டிரைவ், செகண்ட் ஹேண்ட். கம்பெனி பேரெல்லாம் வேண்டாம், பாவம். தார் ரோடு முடிஞ்சு மண் ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் பனி முழங்கால் உயரம் இருந்தது. நான் ரொம்ப கெத்தா லீவரை இழுத்து ஃபோர் வீல் போட்டேன். டாஷ்போர்டில் பச்சை விளக்கு பளிச்சுனு எரிந்தது. "பாத்தியாடா, இதுக்குத்தான் இந்த மாதிரி வண்டி வாங்கணும்" என்று நண்பனுக்கு ஒரு சின்னப் பிரசங்கம் வேறு.

ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். ஒரு ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. பின் சக்கரம் பனியைக் கடைந்து கொண்டிருந்தது. வண்டி நகரவே இல்லை.

நண்பன் இறங்கிப் பார்த்துவிட்டுக் கத்தினான். "மாப்ள, முன்னாடி சக்கரம் சும்மா நிக்குதுடா!"

"இல்லடா, விளக்கு எரியுதே!"

"விளக்கு எரிஞ்சா எரியட்டும். சக்கரம் சுத்தல. நான் கண்ணால பாத்துட்டுத்தான் சொல்றேன்."

மணி நாலரை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக் கொண்டிருந்தது. செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. பெட்ரோல் கால் டேங்க். பின்சீட்டில் குழந்தை, "அண்ணா, ஹீட்டர் போதுமா இருக்குமா ராத்திரிக்கு?" என்று கேட்கும் அவள் அம்மா. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த நிமிஷம் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இருக்கே, இன்னிக்கு வரைக்கும் ஆறலை.

எப்படித் தப்பிச்சோம்னு கடைசியில் சொல்றேன். அதுக்கு முன்னாடி, முன்சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பூட்டோட கதையைச் சொல்லியாகணும்.

கதை இரண்டாம் உலகப்போரில் ஆரம்பிக்கிறது. 1941லிருந்து 1945 வரை வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டும் சேர்ந்து சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் ஜீப் செய்து தள்ளினார்கள். அந்த ஜீப்பில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்று ஒரு பெட்டி. அதிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒரு ஷாஃப்ட், முன் ஆக்சிலுக்கு ஒரு ஷாஃப்ட். முன்சக்கரத்துக்கு சக்தி வேண்டாம் என்றால் ஒரு லீவரைத் தள்ளி அந்தப் பெட்டியில் முன்பக்கத்தைக் கழற்றி விடலாம்.

ஏன் கழற்றணும்? எப்பவும் நாலு சக்கரமும் இழுத்தா நல்லதுதானேன்னு தோணும். திருப்பத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தை விடக் கொஞ்சம் பெரிய வட்டம் போடும், அதாவது அதிக தூரம் ஓடும். ரெண்டையும் ஒரே வேகத்தில் சுத்தற மாதிரி இரும்பால் கட்டிப் போட்டால், எங்கேயாவது ஒரு டயர் வழுக்கியே ஆகணும். சேறு, பனி, மணலில் அது தன்னால் வழுக்கிக் கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது. ஷாஃப்டும் பல்லும் முறுக்கிக் கொள்ளும். அதனால்தான் ரோட்டில் டூ வீல், காட்டில் ஃபோர் வீல்.

சரி, லீவரைத் தள்ளியாச்சு. முன்பக்கம் ஓய்வெடுக்குமா? எடுக்காது. இதுதான் கதையின் முடிச்சு. இன்ஜின் முன்சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்தினால், ரோடு முன்சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் ஆக்சில் ஷாஃப்டைச் சுற்றும், அது டிஃபரன்ஷியலைச் சுற்றும், அது நீளமான புரொப்பல்லர் ஷாஃப்டைச் சுற்றும். யாருக்கும் பயனில்லாமல் அத்தனையும் சுற்றிக் கொண்டே வரும். கல்யாண வீட்டில் வேலை இல்லாமல் அங்கேயும் இங்கேயும் ஓடிக் கொண்டிருக்கும் மாமா மாதிரி.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். போர் முடிந்ததும் விவசாயிகளுக்கு என்று வந்த சிஜே-2ஏ ஜீப்பில் ஆக்சில் பல் விகிதம் 5.38. டயர் சுமார் 28 அங்குலம். ஒரு கிலோமீட்டர் போனால் சக்கரம் ஏறக்குறைய 450 தடவை சுற்றும். புரொப்பல்லர் ஷாஃப்ட் ஏறக்குறைய 2400 தடவை. பண்ணையிலிருந்து டவுனுக்கு முப்பது கிலோமீட்டர் என்றால் 72 ஆயிரம் வெட்டிச் சுற்று. அதில் தேய்கிற பல், சூடாகிற எண்ணெய், ஸ்டீயரிங்கில் வரும் அதிர்வு, ஊளைச் சத்தம் எல்லாம் ஓனர் கணக்கில்.

போருக்காகச் செய்தபோது இதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. குண்டு விழுகிற இடத்தில் மைலேஜ் யார் பார்ப்பா? போர் முடிந்து, உபரி ஜீப்புகள் பண்ணைக்கும் காட்டுக்கும் வேட்டைக்காரர்கள் கைக்கும் வந்தபோதுதான் இந்த வெட்டிச் சுற்று கண்ணை உறுத்த ஆரம்பித்தது.

1948ல் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில் பக்கம், ஆர்தர் வார்ன் என்பவரும் அவர் மனைவி சேடியும் சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்தார்கள். இன்றைக்கு வார்ன் என்றால் எல்லோருக்கும் வின்ச்தான் ஞாபகம் வரும். ஆனால் அவர்கள் முதலில் விற்ற சரக்கு வின்ச் இல்லை, முன்சக்கர ஹப். போரில் ஓடிய ஜீப்பை ரோட்டில் ஓட்டத் தகுந்ததாக மாற்றுவதுதான் அவர்கள் தொழில்.

யோசனை எளிமையானது. கழற்றுவதை ஏன் நடுவில் இருக்கும் பெட்டியில் செய்யணும்? சக்கரத்திலேயே செய்தால் என்ன? சக்கரத்தின் நடுவில், ஆக்சில் ஷாஃப்ட் வந்து முடியும் இடத்தில், பல் வைத்த ஒரு வளையம். டயலை ஒரு பக்கம் திருகினால் வளையம் நகர்ந்து ஷாஃப்டையும் சக்கரத்தையும் சேர்த்துக் கட்டும். இன்னொரு பக்கம் திருகினால் விலகிவிடும், சக்கரம் தன் பேரிங்கில் தனியாக உருளும். ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், புரொப்பல்லர் எல்லாம் அசையாமல் நிற்கும். ஆரம்ப காலத்தில் இதுக்கே ஸ்பானர் எடுத்து மூடியை மாற்ற வேண்டியிருந்தது. பிறகு கையால் திருகும் டயல் வந்தது. ஸ்பிரிங், வளையம், டயல், அவ்வளவுதான். வயர் கிடையாது, ஹோஸ் கிடையாது.

அதே 1948ல் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தில் இன்னொரு விடை வந்தது. அந்த வருஷம் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான முதல் லேண்ட் ரோவரில் நாலு சக்கரமும் எப்பவும் ஓட்டத்தில் இருக்கும். ஆனால் முன்பக்கத்துக்குப் போகும் வழியில் ஒரு ஃப்ரீவீல். சைக்கிளில் பெடல் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுமே, அதே தத்துவம். திருப்பத்தில் முன்சக்கரம் வேகமாக ஓடணும் என்றால் அது தானாக விட்டுக் கொடுக்கும். டிரைவர் ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஆஹா, பிரமாதம் என்கிறீர்களா? இறக்கத்தில் இன்ஜினால் பிரேக் பிடிக்கணும் என்றாலும் அது விட்டுக் கொடுத்துவிடும்! ரிவர்ஸ் எடுத்தாலும் அப்படியே. அதனால் டிரைவர் காலடியில் ஒரு வளையம் வைத்தார்கள். அதை இழுத்தால் ஃப்ரீவீல் பூட்டிக் கொள்ளும். ஆக, தானியங்கிக்குப் பக்கத்திலேயே ஒரு கைப்பிடி. 1950ல் இந்த ஏற்பாட்டையே தூக்கிவிட்டு, சாதாரணமாக லீவரில் போட்டுக் கழற்றுகிற முறைக்கு வந்துவிட்டார்கள்.

பார்த்தீங்களா, ஒரே வருஷத்தில் ரெண்டு கட்சி உருவாகிவிட்டது. ஒன்று "நீயே இறங்கித் திருப்பு" கட்சி. இன்னொன்று "நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" கட்சி. இன்று வரைக்கும் இந்த ரெண்டு கட்சிக்கும் நடுவில்தான் தேர்தல் நடக்குது :-)

கை ஹப் கட்சியில் குறையே இல்லையா? நிறைய இருக்கு. நானே சாட்சி.

2003ல் எனக்கு வாய்த்த முதல் ஜீப் கை ஹப் வைத்தது. வாங்கின மறு வாரமே ஓர் ஏரிக்கரைச் சேற்றில் இறக்கினேன். லீவரைப் போட்டேன், உறுமினேன், புதைந்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டுப் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு போன் போட்டேன். வயசு எழுபதுக்கு மேல், வாழ்க்கை முழுக்க இந்த மாதிரி வண்டி ஓட்டியவர். அவர் கேட்ட ஒரே கேள்வி: "ஹப்பைத் திருப்பினியாப்பா?" (அவர் பேசினது இங்கிலீஷ். ஆனா அந்தக் குரல் அப்படியே நம்ம ஊர்ப் பெரியவர் குரல்.) நான் திருப்பவில்லை. அப்படி ஒன்று இருப்பதே மறந்து போச்சு. முழங்கால் வரை சேற்றில் இறங்கி, சேற்றுக்குள் கையை விட்டு, டயலைத் தேடித் திருப்பினேன். முதலில் ஒரு பக்கம் மட்டும்தான் திருப்பினேன். வண்டி அசையவில்லை. ஏன்னா டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணம்: எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கம் ஓடிவிடும். ஒரு ஹப் திறந்திருந்தால் அந்தப் பக்க ஷாஃப்ட் காற்றில் சுற்றும், பூட்டின சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. ரெண்டாவது பக்கமும் திருப்பினதும் வெளியே வந்துவிட்டது.

இதுதான் கை ஹப்பின் முதல் குறை: மனுஷ மறதி. ரெண்டாவது, சேற்றிலும் பனியிலும் இறங்கணும். மூணாவது, கிரீஸ் காய்ந்து டயல் இறுகிப் போகும். கோபத்தில் பிளையர் போட்டுத் திருகினால் டயல் கையோடு வரும். நாலாவது கொஞ்சம் சுவாரசியமானது. சுற்றாத பாகத்துக்கு எண்ணெய் போகாது. பழைய லேண்ட் ரோவருக்கு ஃபேரி என்ற கம்பெனி இப்படிப்பட்ட ஹப் செய்து விற்றது. ஆனால் அந்த வண்டியின் முன் ஆக்சில் மூட்டில் மேல்பக்கம் இருக்கும் புஷ்ஷுக்கு, ஷாஃப்ட் சுற்றி எண்ணெயைச் சிதறடித்தால்தான் எண்ணெய். ஷாஃப்ட் நின்றுவிட்டால் புஷ் பட்டினி. அதனால் அவ்வப்போது ஹப்பைப் பூட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டணும் என்பது பழைய ஆட்கள் சொல்லும் பாடம்.

இந்தக் குறைகளைப் பார்த்துத்தான் தானியங்கி ஹப் வந்தது. வார்ன் கம்பெனியே லாக்-ஓ-மாட்டிக் என்று ஒன்று செய்தது. லீவரைப் போட்டு இன்ஜின் இழுக்க ஆரம்பித்தால் தானாகப் பிடித்துக் கொள்ளும். இறக்கத்தில் இன்ஜின் பிரேக் வேணும்னா மட்டும் இறங்கி டயலைப் பூட்டணும். மறுபடியும் அதே கதைதான், தானியங்கிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி.

எழுபதுகளில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஹப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நாலு சக்கரமும் எப்பவும் ஓடட்டும், நடுவில் இன்னொரு டிஃபரன்ஷியல் வைத்துவிடலாம் என்று. 1973 மாடலில் ஜீப் குவாட்ரா-ட்ராக் கொண்டு வந்தது. அதே மாடல் வருஷத்தில் ஜெனரல் மோட்டார்ஸும் தன் டிரக்குகளில் முழுநேர டிரான்ஸ்பர் கேஸ் கொடுத்தது. விளம்பரத்துக்கு நல்லா இருந்தது. ஆனா நேரம் சரியில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. சில மாசத்தில் கச்சா எண்ணெய் விலை சுமார் நாலு மடங்கு ஆனது. பெட்ரோல் பங்கில் க்யூ.

இப்போ அந்த வெட்டிச் சுற்று மறுபடியும் எல்லோர் கண்ணிலும் பட்டது. முழுநேர வண்டி வாங்கியவர்கள் பட்டறைக்குப் போய், அதைப் பகுதிநேரமாக மாற்றும் கிட்டும் கை ஹப்பும் வாங்கி மாட்டிக் கொண்டார்கள். காசு கொடுத்து வாங்கின சௌகரியத்தைக் காசு கொடுத்தே கழற்றினார்கள்! 1975ல் அமெரிக்க அரசு மைலேஜ் சட்டம் கொண்டு வந்தது. 1979 மாடலிலிருந்து அது சின்ன டிரக்குகளுக்கும் அமலானது. எண்பதுகளின் தொடக்கத்தில் பெரிய கம்பெனிகளின் டிரக்குகள் பகுதிநேரத்துக்கே திரும்பி வந்தன.

ஆனால் வாங்குகிறவர்கள் மாறிவிட்டார்கள். இப்போ ஃபோர் வீல் வாங்குவது விவசாயி மட்டும் இல்லை. ஆபீஸ் போகிறவர், குழந்தையை ஸ்கூலில் விடுகிற அம்மா எல்லோரும் வாங்குகிறார்கள். அவர்களைப் பனியில் இறங்கி டயலைத் திருப்பச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். மைலேஜும் வேணும், இறங்கவும் கூடாது. இந்த ரெண்டு நிபந்தனையிலிருந்து பிறந்ததுதான் எண்பதுகளின் தானியங்கிப் படை.

அதில் ஒரு வகை தானியங்கி ஹப். ஷாஃப்ட் சுற்ற ஆரம்பித்ததும் உள்ளே ஒரு கேம் வளையத்தைத் தள்ளிப் பூட்டும். கழற்றணும்னா லீவரை டூ வீலுக்கு மாற்றி, வண்டியைச் சில அடி பின்னால் எடுக்கணும். இதில் ஒரு சங்கடம் பாருங்க. சேற்றில் மாட்டினா நாம என்ன செய்வோம்? முன்னே பின்னே, முன்னே பின்னே என்று ஆட்டுவோம். ஒவ்வொரு தடவை திசை மாறும்போதும் இந்த வகை ஹப்புகள் பலவற்றில் பூட்டு விட்டு விட்டுப் பிடிக்கும். எப்போ கெட்டியாப் பிடிச்சுக்கணுமோ அப்போதான் யோசிக்கும்.

இன்னொரு வகை, ஆக்சிலையே நடுவில் வெட்டுவது. ரெண்டு ஹப்பிலும் வேலை செய்வதற்குப் பதிலா, முன் ஆக்சிலில் ஒரு பக்க ஷாஃப்டை மட்டும் ரெண்டு துண்டாக்கி, நடுவில் ஒரு நகரும் காலர் வைத்துவிட்டார்கள். காலர் விலகினால் அந்தப் பக்கம் அறுந்தது. 1984ல் வந்த ஜீப் செரோக்கி, 1987ல் வந்த ரேங்லர், 1994ல் புது உருவத்தில் வந்த டாட்ஜ் ராம் எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு உண்டு.

ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினா போதுமா என்று கேட்பீங்க. இங்கேதான் டிஃபரன்ஷியலின் விளையாட்டு. வெட்டாத பக்கத்துச் சக்கரம் தன் ஷாஃப்டை முன்னோக்கிச் சுற்றும். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் குட்டிப் பற்கள் அதை அப்படியே திருப்பி, அறுந்த துண்டைப் பின்னோக்கிச் சுற்றும். கிரவுன் வீலும் பினியனும் புரொப்பல்லரும் அசையாது. ஆக ஷாஃப்டுகள் இன்னும் சுற்றுகின்றன, ஆனால் பெரிய சாமான்கள் நின்றுவிட்டன. முழு லாபம் இல்லை, முக்கால் லாபம். யாரும் இறங்க வேண்டாம். கெட்டிக்காரத்தனம்தான், ஒத்துக்கறேன்.

அந்தக் காலரை நகர்த்துவது யார்? பல வண்டிகளில் வேக்குவம். இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது இன்டேக்கில் உண்டாகும் வெற்றிடத்தை ரப்பர் ஹோஸ் வழியாக எடுத்து வந்து, ஒரு டயஃப்ரத்தை இழுக்க வைப்பார்கள். இலவச சக்தி. ஆனால் பெட்ரோல் இன்ஜினில் வேக்குவம் அதிகம் இருப்பது ஐடிலில். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் ஏறக்குறைய காணாமல் போகும். அதாவது ஏற்றத்தில் திணறும்போது குறையும். அதுக்காக ஒரு சேமிப்புக் குடுவை வைப்பார்கள். மலை மேல் போனால் காற்றழுத்தமே குறைவு. 3000 மீட்டர் உயரத்தில் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். கூடவே பத்து வருஷ வெயிலிலும் குளிரிலும் ரப்பர் வெடிக்கும்.

ஜெனரல் மோட்டார்ஸ் இன்னும் வினோதமாக யோசித்தது. 1980களின் சின்ன பிளேஸரில் வேக்குவம் டயஃப்ரத்தை பேட்டரித் தட்டுக்கு அடியில் வைத்தார்கள். பேட்டரி அமிலம் சொட்டினால் கதை முடிந்தது. 1988ல் வந்த பெரிய டிரக்கில் வேக்குவத்தை விட்டுவிட்டு, வாயு அடைத்த ஒரு குப்பியை மின்சாரத்தால் சூடாக்கி, அது விரிந்து பிஸ்டனைத் தள்ளி, அது காலரைத் தள்ளுகிற மாதிரி செய்தார்கள். சூடாக நேரம் ஆகும். கடுங்குளிரில் இன்னும் நேரம் ஆகும். பனிக்காகச் செய்த கருவிக்குப் பனி ஆகாது! பின்னாளில் அந்த இடத்துக்கு மின் மோட்டார் வந்தது.

ஓனர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வேக்குவத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, கையால் இழுக்கும் ஒரு கேபிளை டிரைவர் பக்கம் கொண்டு வந்து மாட்டினார்கள். இதற்கென்றே கிட் விற்றார்கள். 1948 லேண்ட் ரோவரின் காலடி வளையம் அரை நூற்றாண்டு கழித்து வேறு வேஷத்தில் வந்து நின்றது.

ஜீப்பே கொஞ்ச காலம் கை கழுவியது. 1997 ரேங்லரில் வெட்டும் இல்லை, ஹப்பும் இல்லை. ஷாஃப்டுகள் பழையபடி எப்பவும் சுற்றின. வில்லிஸ் காலத்துக்கே திரும்பிப் போனார்கள். கொஞ்சம் பெட்ரோல் போனாலும் போகட்டும், கெட்டுப் போக ஒன்றும் இல்லையே. பிறகு 2018 மாடல் ரேங்லரில் வெட்டும் காலர் மறுபடி வந்துவிட்டது, இந்தத் தடவை மின் மோட்டாரோடு. மைலேஜ் விதிகள் இறுக இறுக ஷாஃப்டைப் பிரிக்கிறார்கள், பிரித்தது படுத்தினால் மறுபடி சேர்க்கிறார்கள். இந்த வரலாறு நேர்க்கோடு இல்லை, ஊஞ்சல்.

இப்போ அந்தப் பனிக்குத் திரும்புவோம்.

என் வண்டியில் பச்சை விளக்கை எரிய வைக்கும் சுவிட்ச் இருந்தது டிரான்ஸ்பர் கேஸில். லீவர் வேலை செய்துவிட்டது என்று மட்டும்தான் அதுக்குத் தெரியும். காலர் நகர்ந்ததா, சக்கரத்துக்குச் சக்தி போனதா என்று அதுக்குத் தெரியாது, யாரும் அதனிடம் சொல்லவும் இல்லை. வண்டிக்கு அடியில் முன் புரொப்பல்லர் அழகாகச் சுற்றிக் கொண்டிருந்தது. டிஃபரன்ஷியலும் சுற்றியது. எல்லாச் சக்தியும் அறுந்த துண்டு வழியாகக் காற்றில் போனது. ஏரிக்கரையில் ஒரு ஹப்பை மட்டும் திருப்பினேனே, அதே நிலைமைதான். ஒரே வித்தியாசம், அன்னிக்குத் தப்பு என் கையில் இருந்தது, சரி செய்யும் வழியும் என் கையில் இருந்தது. இன்னிக்கு நான் இறங்கித் திருப்ப அங்கே ஒரு டயல்கூட இல்லை.

ரெண்டு மணி நேரம் தரைவிரிப்பைச் சக்கரத்துக்கு அடியில் போட்டும், சமையல் பாத்திரத்தால் பனி வாரியும் பார்த்தோம். குழந்தை தூங்கிப் போனது. அவள் அம்மா தன் கோட்டையும் கழற்றி அவள் மேல் போர்த்தியிருந்தார். பெட்ரோல் முள் கீழே வரவர, இன்ஜினைக் கொஞ்ச நேரம் போடுவது, கொஞ்ச நேரம் அணைப்பது என்று ஓட்டினோம். யாரும் அதிகம் பேசவில்லை.

ஏழு மணி வாக்கில் கீழேயிருந்து ஒரு வெளிச்சம். எழுபதுகளின் பழைய பிக்கப். துரு தின்ற கதவு. ஒரு பெரியவர் இறங்கினார். எங்களைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் குனிந்து தன் வண்டியின் இடது முன்சக்கரத்தில் கையுறைக் கையை வைத்துத் திருப்பினார். கிளிக். சுற்றி வந்து வலது பக்கம். கிளிக். அப்புறம்தான் "ஹலோ" என்றார். பட்டையைக் கட்டி இழுத்தார். பதினைந்து நிமிஷத்தில் நாங்கள் தார் ரோட்டில் இருந்தோம். மரவீடும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பினோம்.

கிளம்பும்போது நான் அந்த டயலையே பார்த்துக் கொண்டிருப்பதைக் கவனித்துச் சொன்னார்: "இதுக்கு விளக்கு வேண்டாம். காது போதும்."

மறுநாள் வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினேன். ரப்பர் ஹோஸில் ஒரு சின்ன வெடிப்பு. மாற்ற ஆன செலவு, ரெண்டு காப்பி குடிக்கிற காசு.

அப்போ கை ஹப்தான் உசத்தி, பழசுதான் தங்கம் என்று முடிக்கப் போறேன்னு நினைச்சீங்கன்னா, இல்லை. அந்தப் பெரியவரும் ஒருநாள் மறக்கலாம். நான் மறந்தேனே. முட்டி வலிக்கிற வயசில் பனியில் குனிய முடியாமலும் போகலாம். எது உசத்தி என்பதே தப்பான கேள்வி என்றுதான் இப்போ தோணுது. கேட்க வேண்டியது ரெண்டு. இது கெட்டுப் போனா எந்தப் பக்கம் சாயும்? கெட்டுப் போச்சுன்னு எனக்கு யார் சொல்வா?

இந்தக் கேள்வியை யோசித்துச் செய்த வண்டிகளும் இருக்கின்றன. 2004 ஃபோர்டு எஃப்-150ல் வேக்குவம் வேலை செய்வது தலைகீழாக. வேக்குவம் இருந்தால் முன்சக்கரம் விலகி நிற்கும். போய்விட்டால் ஸ்பிரிங் தள்ளிப் பூட்டிவிடும். ஹோஸ் வெடித்தால் ஃபோர் வீல் பக்கம் சாயும். அதுக்கும் விலை உண்டு. வேக்குவம் அரைகுறையாக இருந்தால் ஹைவேயில் பற்கள் உரசிக் கறகறவென்று சத்தம் போடும், தேயும். ஆனால் அது வாய் விட்டுச் சொல்கிறது பாருங்க. அதே கம்பெனியின் 1999 சூப்பர் டியூட்டியில் வேக்குவம் ஹப்பின் நடுவிலேயே ஒரு டயல். சாதாரணமாக அது பாட்டுக்குத் தானாக வேலை செய்யும். அது கைவிட்டால் நீ இறங்கி வந்து திருப்பிக்கலாம். எனக்குப் பிடித்த விடை இதுதான். மெஷினை நம்பு, ஆனா டயலைக் கழற்றிப் போட்டுடாதே.

பச்சை விளக்கைப் பார்த்து நிம்மதியா உக்காந்திருக்கிற இடம் வண்டியில் மட்டும் இல்லைன்னு உங்களுக்கும் தெரியும். பேக்கப் எடுத்தாச்சுன்னு சொல்ற கம்ப்யூட்டர், மெயில் போயிடுச்சுன்னு சொல்ற போன், எல்லாம் சரியா இருக்குன்னு சொல்ற ரிப்போர்ட். அந்த விளக்குக்கு வயர் எங்கேயிருந்து வருதுன்னு ஒரு தடவை குனிஞ்சு பாத்துடறது நல்லது. லீவர்லேர்ந்தா, சக்கரத்துலேர்ந்தா?

டிஸ்கி: நண்பனோட பொண்ணு இப்போ பெரியவளாகி கார் ஓட்டறா. அந்த ராத்திரி அவளுக்குச் சுத்தமா ஞாபகம் இல்லை. ஆனா எங்கே வெளியூர் கிளம்பினாலும் அவ அப்பா வாசல்ல நின்னு அவகிட்டே கேக்கிற கேள்வி ஒண்ணு உண்டு. அவ வண்டி சாதாரண முன்சக்கர டிரைவ் கார், அதுல ஹப்பே கிடையாது. இருந்தாலும் கேப்பான்: "ஹப்பைத் திருப்பியாச்சாம்மா?"